சின்னப் பிள்ளையோடு ஒரு நாள் மலை நடை: கொழும்புப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காலையில் கொழும்பிலிருந்து புறப்பட்டு, ஒரு மலையில் ஏறி இறங்கி, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேரலாமா? மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரையான பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி வருகிறது. கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான். உச்சியைப் பார்த்து மலையைத் தெரிவு செய்ய வேண்டாம். பாதியில் திரும்பினாலும் பிள்ளைக்கு நிறைவாக இருக்கும் மலையைத் தெரிவு செய்யுங்கள்.

எந்த வயதில் தொடங்கலாம்?

தானாக நடக்கிற பிள்ளை என்றால் தொடங்கலாம். மூன்று, நான்கு வயதில் மொத்தம் ஒன்றிரண்டு கிலோமீற்றர் போதும், அதிலும் பாதி நேரம் எறும்பையும் கல்லையும் பார்த்துக்கொண்டு நிற்பதில்தான் போகும். ஐந்து, ஆறு வயதில் மூன்று நான்கு கிலோமீற்றர் நடப்பார்கள். ஏழு எட்டு வயதில் அரை நாள் நடை சாத்தியம்.

ஆனால் வயதை விட நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது. பத்தரமுல்லை தியத்த உயன அல்லது கோட்டை பெத்தகான ஈரநிலப் பூங்காவில் ஒரு மணி நேரம், "தூக்குங்கோ" என்று கேட்காமல் நடக்கிறாரா பாருங்கள். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் பிளாட்டில் இருப்பவர்கள் லிஃப்டை விட்டுப் படியில் ஏறி இறங்கிப் பழக்கலாம். ஏறுவது பிள்ளைகளுக்கு விளையாட்டு. இறங்கும்போதுதான் கால் தளர்ந்து விழுகிறார்கள், அதனால் இறங்கப் பழக்குவதுதான் முக்கியம்.

கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு போகலாமா?

சமமான பாதையில் போகலாம். ஈரப் பாறையிலும் கம்பி பிடித்து ஏறும் இடத்திலும் வேண்டாம். விழுந்தால் இருவரும் விழுவீர்கள். முதுகில் இருக்கும் குழந்தை நடப்பதில்லை, அதனால் உங்களுக்கு வியர்க்கும்போது அதற்குக் குளிரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எவ்வளவு தூரத்திலுள்ள மலையைத் தெரிவு செய்வது?

தூரத்தைப் பாராதீர்கள், நேரத்தைப் பாருங்கள். கண்டி வரைபடத்தில் 116 கிலோமீற்றர்தான். ஆனால் நிட்டம்புவ, வரக்காப்பொலை, கேகாலை, மாவனல்லை என்று ஒவ்வொரு நகரமும் நேரத்தைத் தின்னும், மூன்று மணி நேரம் சாதாரணமாக ஆகிவிடும். போக மூன்று, வர மூன்று, நடக்க இரண்டு என்றால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்த நாள் மலை நாள் இல்லை, வாகன நாள்.

என் கணக்கு இதுதான்: ஒரு வழிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் ஒரே நாளில் போய் வரலாம். மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் ஓர் இரவு தங்குங்கள். எல்ல, ஹப்புத்தளை, நுவரெலியா, ரிவஸ்டன் எல்லாம் தங்கிப் போகும் இடங்கள்.

சரி, முதல் மலை எது?

கம்பஹா மாவட்டத்திலேயே இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. பிலிக்குத்துவ விகாரையும் மாலிகாதென்னவும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கும் காட்டுப் பாறைக் குன்றுகள். பிலிக்குத்துவவில் பழங்காலத்துப் பிக்குகள் வாழ்ந்த கற்குகைகள் உண்டு. மழைநீர் உள்ளே வழியாமல் இருக்கக் குகையின் நெற்றியில் வெட்டிய நீர்வடி விளிம்பைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். "ஏன் இப்படி வெட்டினார்கள்?" என்று கேட்டால் ஐந்து வயதுப் பிள்ளைகூட யோசித்துக் கண்டுபிடிக்கும். மரநிழல் நிறைய உண்டு, எந்த இடத்திலும் திரும்பலாம்.

மாலிகாதென்ன கொஞ்சம் கடினம். மேலே போகப் போகப் பாறையில் வெட்டிய படி செங்குத்தாகும், உச்சியில் சிறிய தாதுகோபுரம். தெளிவான காலையில் சிவனொளிபாத மலையின் முக்கோணம் தூரத்தில் தெரியும். ஆறு வயதுக்குக் கீழே என்றால் அந்தக் கடைசிப் படிகளுக்கு முன்னாலேயே நின்றுவிடலாம், நிழலில் இருந்து சாப்பிட அருமையான இடம்.

இரண்டும் வழிபாட்டுத் தலங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், முற்றத்தில் சப்பாத்தையும் தொப்பியையும் கழற்ற வேண்டும். பத்து மணிக்குப் பிறகு பாறை சுடும், பெரியவர்கள் தாங்கிக்கொள்வோம், பிள்ளையின் பாதம் தாங்காது. தடித்த காலுறை ஒரு சோடி பையில் இருக்கட்டும். போயா நாளில் கூட்டம் அதிகம்.

வடக்கே போக விரும்பினால் குருநாகலின் எத்தாகல நல்லது. யானை வடிவப் பாறை, உச்சியில் பெரிய புத்தர் சிலை, கீழே குருநாகல் குளம். வாகனம் மேலே போகும் என்பதால் பிள்ளை முடிந்த அளவு நடக்கட்டும், மீதியை வாகனம் பார்த்துக்கொள்ளும். 2022இல் மீரிகம–குருநாகல் அதிவேகப் பாதை திறந்த பிறகு பயணமும் சுருங்கியிருக்கிறது. மரநிழல் குறைவு, அதனால் காலை எட்டுக்கே அங்கே இருங்கள்.

எங்களிடம் வாகனம் இல்லை. ரயிலில் போக முடியுமா?

முடியும், பிள்ளைகளுக்கு ரயில்தான் பாதி இன்பம். கம்பஹா அல்லது வேயங்கொடையில் இறங்கி ஓட்டோ பிடித்தால் மேலே சொன்ன இரண்டு குன்றுகளுக்கும் போகலாம். திரும்பி வர அங்கே ஓட்டோ கிடைப்பது நிச்சயமில்லை, அதே ஓட்டோக்காரரிடம் நேரம் சொல்லி வைத்துவிடுங்கள்.

இன்னும் கொஞ்சம் நீண்ட நாள் என்றால் கடுகண்ணாவை. ரம்புக்கனையைத் தாண்டியதும் ரயில் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும். அலகல்லை மலையையும் பைபிள் பாறையையும் ஜன்னலிலிருந்தே காட்டலாம். கடுகண்ணாவையில் ரயில் நிலையத்துக்கு அருகிலேயே ரயில்வே அருங்காட்சியகம் உண்டு. ஊரில் 1832இல் கட்டிய டோசன் கோபுரத்தையும், பழைய வீதிக்காகக் குடைந்த பாறையையும் பார்க்கலாம். பாறைக்குப் போகும் வழி கண்டி பிரதான வீதி, வாகனம் பறக்கும், பிள்ளையை வீதிக்கு உட்புறமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: தண்டவாளத்தில் நடக்க வேண்டாம். இளைஞர்கள் நடந்து படம் போடுகிறார்கள். வளைவும் சுரங்கமும் உள்ள பாதையில் பிள்ளையோடு விலகி நிற்க இடமே இல்லாமல் போகலாம்.

கண்டியில் ஓர் இரவு தங்கினால் எங்கே நடப்பது?

உடவத்தைக்கலை. தலதா மாளிகைக்குப் பின்னால் 104 ஹெக்டேயர் காடு, நகரத்துக்கு நடுவே. பாதை அகலம், ஏற்றம் மெது, குளம் உண்டு, குரங்கு உண்டு. நான்கு வயதுப் பிள்ளைக்கு இதை விட நல்ல காடு இந்த நாட்டில் எனக்குத் தெரியாது. மழைக்குப் பின் அட்டை அதிகம், அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

ஹந்தானை அழகுதான், ஆனால் புல்வெளி முகடுகளில் மூடுபனி சட்டென்று இறங்கி வழியை மறைத்துவிடும். சின்னப் பிள்ளை என்றால் 1925ஆம் ஆண்டுத் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகம் வரை ஓட்டோவில் போய், அதைச் சுற்றிக் கொஞ்சம் நடந்தால் போதும்.

உலக முடிவுக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகலாமா?

உலக முடிவு என்ற செங்குத்துப் பள்ளம் இருக்கும் ஹோட்டன் சமவெளிச் சுற்றுப்பாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர், 2,000 மீற்றருக்கு மேல் உயரத்தில். ஏழு எட்டு வயதில் நன்றாக நடக்கும் பிள்ளை முடிக்கும். அதற்குக் கீழே என்றால் சின்ன உலக முடிவு வரை போய் வந்த வழியே திரும்புங்கள். முழுச் சுற்றில் பாதிகூட வராது, பள்ளத்தாக்கும் தெரியும், மரையும் கண்ணில் படும்.

விடிந்ததும் நுழைந்துவிட வேண்டும். ஒன்பது பத்து மணிக்கு மேல் பள்ளத்தாக்கைப் பனி மூடினால் வெள்ளைத் திரையைத் தவிர ஒன்றும் தெரியாது. அப்படியென்றால் நுவரெலியாவில் நான்கு மணிக்கு எழுப்ப வேண்டும், இதையும் யோசியுங்கள். உலக முடிவில் செங்குத்தாக 800 மீற்றருக்கும் மேல் பள்ளம். விளிம்புக்கு வரும் முன்பே கையைப் பிடித்துவிடுங்கள், படம் எடுப்பவரும் பிள்ளையைப் பிடிப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் உறைபனிகூட இருக்கும், கம்பளித் தொப்பி தேவை.

எழும்ப முடியவில்லையா? நுவரெலியா நகரத்துக்குள்ளேயே கல்வேஸ் லேண்ட் தேசிய பூங்கா இருக்கிறது. சுமார் 30 ஹெக்டேயர்தான், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் போகலாம், குருவிகள் நிறைய. மூன்று வயதுப் பிள்ளைக்கு உலக முடிவை விட இதுதான் பொருத்தம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அம்புலுவாவ, பைபிள் பாறை, சிகிரியா படங்கள் நன்றாக இருக்கின்றனவே?

அம்புலுவாவவில் தோட்டமும் காற்றும் பிள்ளைக்கு நல்லது. அந்த வெள்ளைக் கோபுரத்தின் சுழல் படி மேலே போகப் போக ஒடுங்கும், ஏறுபவரும் இறங்குபவரும் உரசிக்கொண்டு போக வேண்டும். கீழேயே நில்லுங்கள். பைபிள் பாறையும் அலகல்லையும் பத்து வயதுக்குக் காத்திருக்கலாம். சிகிரியா ஒரு நாளில் போய் வரும் தூரமில்லை, வெயிலும் கொடியது. எல்லவில் தங்கினால் மட்டும் தயங்காமல் லிட்டில் அடம்ஸ் பீக் போங்கள். 1,141 மீற்றர், தேயிலை நடுவே நல்ல பாதை, கடைசியில் கொஞ்சம் படி. ஐந்து வயதுப் பிள்ளை ஏறிவிடும். மாத்தளைப் பக்கம் தங்குபவர்களுக்குப் பிட்டவல பத்தன: பாறைத் தட்டின் மேல் விரிந்த புல்வெளி, ஒரு கிலோமீற்றர்கூட இல்லாத நடை, முடிவில் பள்ளத்தாக்கு.

சிவனொளிபாத மலைக்கு நேர்த்தி வைத்திருக்கிறோம். பிள்ளைக்கு ஆறு வயது.

நேர்த்தியை நான் குறைத்துப் பேச மாட்டேன், பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போகும் குடும்பங்களை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கலாம். ஆனால் 2,243 மீற்றர் மலை அது. நல்லதண்ணி வழியில் 5,000க்கும் மேற்பட்ட படிகள். சூரியோதயத்துக்காக நள்ளிரவில் ஏறுவது வழக்கம், உச்சிக்குக் கிட்டே வரிசை நகராமல் குளிரில் மணிக்கணக்காக நிற்க வேண்டியும் வரும். தூக்கம் கெட்ட பிள்ளைக்கு அது பக்தியாக இராது.

டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் வரை பருவம். அதற்குள் ஒரு வார நாளில், பகல் வெளிச்சத்தில், நல்லதண்ணியிலிருந்து ஜப்பானியச் சமாதான தாதுகோபுரம் வரை நடந்து, அங்கிருந்து மலையைக் கும்பிட்டுத் திரும்பலாம். மீதியைப் பிள்ளை பத்துப் பன்னிரண்டு வயதில் தன் காலால் ஏறி நிறைவேற்றட்டும்.

எந்த மாதம் நல்லது?

கொழும்பிலிருந்து எளிதாகப் போகும் மேற்குச் சரிவுகளுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை, அவிசாவளை, கித்துல்கல, இரத்தினபுரிப் பக்கம் ஓயாமல் கொட்டும். அந்த மாதங்களில் எல்ல, பண்டாரவளைப் பக்கம் காய்ந்திருக்கும். டிசம்பர், ஜனவரியில் வடகீழ் மழை ரிவஸ்டன் பக்கத்தை நனைக்கும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி மின்னல் வரும், பன்னிரண்டு மணிக்குள் திறந்த பாறையை விட்டு இறங்கிவிடுங்கள்.

மண்சரிவை இலேசாக எடுக்க வேண்டாம். 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தை, 2016இல் அரநாயக்க, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலைநாடு முழுவதும். புறப்படும் முன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழை அறிவிப்பையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். போகும் பிரதேச செயலகப் பிரிவின் பெயர் அதில் இருந்தால் பயணத்தை வேறு வாரத்துக்கு மாற்றுங்கள். பழைய படங்களை நம்பி வழி தேடாமல் அந்த ஊரில் தெரிந்தவரிடம் கேளுங்கள், புயலுக்குப் பின் பல பாதைகள் முன்போல் இல்லை.

அட்டை கடித்தால்?

வலிக்காது, அட்டையால் நோய் பரவும் பயமும் இங்கே இல்லை. அதன் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதால் சிறிய கடிக்கும் நிறைய வடியும், அதைப் பார்த்துத்தான் பிள்ளை அழும். புறப்படும் முன்பே "இரத்தம் வரும், நின்றுவிடும்" என்று சொல்லி வையுங்கள். அட்டையைப் பிடித்து இழுக்காமல், தோலோடு ஒட்டிய மெல்லிய முனையின் கீழ் நகத்தை வைத்துத் தள்ளுங்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் சரி.

கடிக்கும் முன் தடுப்பதே நல்லது. காற்சட்டையைக் காலுறைக்குள் விட்டு, காலுறை முழுக்கச் சவுக்காரத்தை உலர்வாகத் தேய்த்துவிடுங்கள். உப்பும் தேசிக்காயும் சப்பாத்தில் பூசலாம். கடித்துக்கொண்டிருக்கும் அட்டை மீது உப்பையோ நெருப்பையோ வைக்காதீர்கள், உள்ளே இருப்பதைக் காயத்திலேயே கக்கிவிடும்.

குளவிக்குப் பயமாக இருக்கிறது.

இந்தப் பயம் நியாயமானது. தோட்டத் தொழிலாளர்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் செய்தி அடிக்கடி வருகிறது, சிகிரியாவிலும் கூடு கலைந்து ஏறுவதை நிறுத்தியிருக்கிறார்கள். உயர்ந்த மரமும் பாறை விளிம்பும் அவற்றின் இடம். கல் எறிவது, கத்துவது, புகை போடுவது வேண்டாம், வாசனைத் திரவியமும் வேண்டாம். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் பிள்ளையோடு மெதுவாகப் பேசிப் பழக்குங்கள். கலைந்துவிட்டால் பிள்ளையின் முகத்தையும் தலையையும் துணியால் மூடித் தூக்கிக்கொண்டு தூரமாக ஓடுங்கள். சின்ன உடம்பில் பல இடங்களில் கொட்டியிருந்தால், மூச்சு இழுத்தால், முகம் வீங்கினால் உடனே ஆஸ்பத்திரி.

தேயிலைத் தோட்டத்துக்குள் நடக்கலாமா?

கேட்டுவிட்டு நடக்கலாம். அது மக்கள் வேலை செய்யும் இடம், லயத்து வாசல் அவர்களுடைய வீட்டு வாசல். கொழுந்து பறிக்கும் அக்காமாரிடம் தமிழில் "இந்தப் பாதை எங்கே போகும், போகலாமா?" என்று கேட்டால் எந்த இடத்தில் வழுக்கும், எங்கே குளவிக் கூடு இருக்கிறது என்பது வரை சொல்வார்கள். எந்தச் செயலியும் தராத தகவல் அது. கேட்காமல் முகத்துக்கு நேரே கமராவை நீட்டுவது, பிள்ளையைக் கூடையைத் தூக்க வைத்துப் படம் எடுப்பது எனக்குப் பிடிக்காது. "வணக்கம்" சொல்ல மட்டும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

செடிகளுக்கு நடுவே வெட்டிய கான்கள் இலையால் மூடிக் கிடக்கும், பிள்ளையின் கால் உள்ளே போய்விடும், அதனால் பாதையை விட்டு இறங்க வேண்டாம். மருந்தடித்திருக்கலாம், இலையை வாயில் வைக்க விடாதீர்கள்.

சாப்பிட என்ன கொண்டு போவது?

நாம் வழக்கமாகச் சாப்பிடுவதுதான். ரொட்டி, அவித்த கடலை, பயறு, வாழைப்பழம், தோடம்பழம், ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. பிள்ளைக்கு ஒரே நேரத்தில் நிறையக் கொடுக்காமல் அரை மணிக்கொரு தரம் கொஞ்சம் கொடுங்கள். தண்ணீருடன் ஒரு பக்கற் ஜீவனியும் (நீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சீனித் தூள்) இருக்கட்டும். ஹோட்டன் சமவெளியில் பொலித்தீனை வாசலிலேயே எடுத்துவிடுவார்கள், வாழையிலையில் கட்டிப் போங்கள். குரங்கு உள்ள இடத்தில் சாப்பாட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்து நடக்கவிடக் கூடாது.

சப்பாத்து?

அடியில் பள்ளம் உள்ளது எதுவானாலும் சரி. பள்ளிக்கூட வெள்ளைச் சப்பாத்து ஈரப் பாறையில் வழுக்கும், பாட்டா செருப்பு கழன்றுவிடும்.

வளைவுகளில் வாந்தி எடுக்கிறார்.

புறப்படும் முன் பால் வேண்டாம், இலேசான சாப்பாடு போதும். முன்னால் பார்க்கும்படி உட்கார வையுங்கள், ஃபோனைக் கொடுக்காதீர்கள். தேசிக்காயை முகரக் கொடுப்பது சிலருக்கு உதவுகிறது. கினிகத்தேனை, ரம்பொடைப் பாதைகளை விட ரயில் நல்லது.

பாதியில் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில் பசியா, தாகமா, சப்பாத்துக் கடிக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதில் ஒன்றுதான். பத்து நிமிடம் இருந்து, ஏதாவது சாப்பிட்டு, அப்புறம் "அந்த மரம் வரை" என்று ஒரு முறை கேளுங்கள். வர மாட்டேன் என்றால் இறங்குங்கள். திட்டவோ, மற்றப் பிள்ளையோடு ஒப்பிடவோ வேண்டாம். அந்த மலை ஒரு சண்டையாக மனதில் பதிந்தால் அடுத்த முறை வாசலைத் தாண்டுவதே கஷ்டம்.

இறங்கிய பிறகு ஆற்றில் குளிக்கலாமா?

சின்னப் பிள்ளையோடு வேண்டாம் என்றே சொல்வேன். மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே நீர் ஏறும், அணைகளின் வான்கதவு திறந்தாலும் அப்படித்தான். கரையில் இருக்கும்போது நீர் கலங்கினாலோ, இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ உடனே மேட்டுக்கு ஏறுங்கள்.

அவசரத்துக்கு யாரை அழைப்பது?

சுவசெரிய அம்புலன்ஸ் 1990, காசு இல்லை. பொலிஸ் 119. மண்சரிவு, வெள்ளம் என்றால் இடர் முகாமைத்துவ நிலையம் 117. மலையில் சிக்னல் விட்டுவிட்டு வரும், ஆகவே எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்கு இறங்குவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், வெட்டாமல், பிள்ளையை நடக்கவிடாமல் தூக்கி அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்கு.

அப்பம்மாவும் வருகிறேன் என்கிறார். முழங்கால் வலி வேறு.

நல்லதுதான், கூட்டிப் போங்கள். எத்தாகலவில் வாகனத்தில் மேலே போகலாம், கல்வேஸ் லேண்டிலும் உடவத்தைக்கலையிலும் மெதுவாக நடக்கலாம். மூன்று வயதுப் பிள்ளையின் வேகமும் அப்பம்மாவின் வேகமும் ஏறத்தாழ ஒன்று, இருவரையும் முன்னால் விட்டு மற்றவர்கள் பின்னால் நடவுங்கள்.